‘யார்கிட்ட’ அக்காவுக்கு

மாலைச் செய்தியின் மென்குரலே, மைதானம் போகாமலே மைதானத்தை எங்கள் கண்ணுக்குள் விரித்த மாயமே, இந்த வானொலி நிலையத்தின் விளையாட்டுச் செய்திப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முகம் சுளிக்காது பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் அன்பு அக்கா, வணக்கம்.

நீங்கள் செய்தி வாசிக்கையில் ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு இப்பால் நாங்கள் கனவில் நிற்பவர்களாய் நிற்போம். எங்கோ ஒரு நீச்சல் குளத்தில் நீர் விலகும். எங்கோ ஒரு பந்து இறங்க மறந்து வானில் மிதக்கும். ஒலிபரப்பு முடிந்து சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் அலுவலகத்தில் இருப்பதே நினைவுக்கு வரும்.

மொழிபெயர்ப்பு மேசையிலோ நீங்கள் மென்குரல் அல்ல. ஆங்கிலத்தில் எந்தச் சொல் வந்தாலும் ‘தோல்வி’ என்ற ஒரே கூடையில் கொட்டுவது எங்கள் வழக்கம். எட்டிப் பார்த்து, “யார்கிட்ட?” என்பீர்கள். “ஃபெயில்டுன்னா நினைச்சது கைகூடல. லாஸ்ட்னா ஆட்டம் கைவிட்டுப் போச்சு. பீட்டன்னா ஒருத்தர் வந்து ஜெயிச்சிருக்கார். அந்த ஒருத்தரை எங்கப்பா தொலைச்சீங்க?” இப்படி வந்ததுதான் அந்தப் பட்டப்பெயர். அது உங்களுக்குத் தெரியாது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

பிரிவுத் தலைவர் பதவிக்கு நீங்களும் உங்கள் பக்கத்து மேசைக்காரனும் போட்டியிட்டீர்கள். பதவி அவனுக்குப் போயிற்று. “அக்கா கோட்டை விட்டுட்டாங்க” என்றது தேநீர் அறை. “பாவம், நேர்காணல் அன்னைக்குக் காய்ச்சல்” என்றது படிக்கட்டு. அவனோ உங்கள் முகம் பார்க்கக் கூசி, வேலையையே விட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தான். நீங்கள் அவன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னீர்கள்: “எனக்குக் காய்ச்சலும் இல்ல, நான் கோட்டையும் விடல. நல்லாத்தான் பதில் சொன்னேன். நீ என்னைவிட நல்லாச் சொல்லிட்ட. உன்கிட்டதான் தோத்தேன். நிமிர்ந்து உக்காரு.”

அவன்தான் இதை வாசித்துக்கொண்டிருக்கிறான், அக்கா. குரல் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடல் நலமும் உள்ள நிறைவும் உறக்க சுகமும் குறையாமல், வெயில் இறங்கும் சன்னலோரத்தில், அவசரமில்லாத மாலைகள் பல கண்டு, நெடுங்காலம் வாழுங்கள். உங்களைப் பிரிவது எங்களுக்கு வலிக்கிறது.

என்றும் அன்புடன்,
உங்களை வென்றவனும்
விளையாட்டுச் செய்திப் பிரிவினரும்