இரண்டில் குறைந்தது

செங்கம் சாலையிலுள்ள என் வீட்டு மாடிக்கு யாரும் செருப்போடு ஏறக் கூடாது. ஆசிரமத்துக்கு வந்து வாடகைக்குத் தங்கும் வெள்ளைக்காரர்கள்கூட அதை மீறியதில்லை. இனியனும் மீறியதில்லை. அவன் மரியாதை தெரிந்த பையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் தம்பி மகள் தேவிப்ரியாவும் அவள் அலுவலக நண்பர்களும் மாடியில் கூடி ஒரு கதை விளையாட்டு ஆடுவார்கள். ஆளுக்கொரு வீரன், கதை சொல்பவன் இனியன். வீரன் பிழைப்பதா சாவதா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். தகப்பன் இல்லாத பெண் என்பதால் காவலுக்கு நானும் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் பகடையை என் கையில் வைத்து இனியன் விளக்கினான்.

“பதினொன்னோ அதுக்கு மேலயோ விழுந்தா தப்பிச்சீங்க ஐயா. சரிபாதி சான்ஸ். ஆனா இருட்டுல கண்ணு தெரியாம சண்ட போட்டா ரெண்டு வாட்டி உருட்டணும். அதுல கம்மியா விழுந்ததுதான் கணக்கு.”

“அப்போ பாதி, கால் ஆயிடும்.”

“எங்க பெரியப்பாகிட்ட உன் வித்தையெல்லாம் செல்லாது, பாத்துக்கோ,” என்று தேவிப்ரியா அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், அடி அண்ணாமலையில் எங்கள் மோட்டார் கொட்டகைக்கு அவனை வரச் சொன்னேன். நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைத்துப் பூவும் பழமும் வாங்கி வந்திருந்தான். மாடியிலிருந்து எடுத்து வந்திருந்த பகடையைக் கொடுத்து, பதினொன்றுக்குக் குறையாமல் விழுந்தால் உயிரோடு போகலாம் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே உருட்டினான். பதினேழு.

“பொழச்சிட்டேன் ஐயா.”

“எங்க வீட்டுப் பொண்ண கேக்கறவன் ரெண்டு வாட்டி உருட்டணும்.”

நான்கு விழுந்தது.

குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்வதற்குள் கடப்பாரையை இறக்கினேன். முதல் அடியில் தாடை பெயர்ந்தது. அப்போதும் ‘ஐயா’ என்றுதான் கூப்பிட முயன்றான். மண்டை பிளக்க இன்னும் சில அடிகள் வேண்டியிருந்தன. கோபத்தில் அடிக்கவில்லை. உருட்டியது அவன் கை. முறையும் அவன் சொல்லித்தந்தது.

இரண்டாவதும் பெரிய எண்ணாக விழுந்திருந்தால் விட்டிருப்பேனா என்று கேட்கிறீர்கள். மூன்றாவது முறை உருட்டச் சொல்லியிருப்பேன். உருட்டிக்கொண்டே இருந்தால் சின்ன எண் விழாமலா போகும்?

தேவிப்ரியாவை வீட்டில் தேட வேண்டாம். கொட்டகையை ஒட்டிய கிணற்றில் பாருங்கள். அவளிடம் நான் பகடையைக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணின் உயிரை அதிர்ஷ்டத்தின் கையில் விட்டுவிடும் அளவுக்கு நான் பொறுப்பற்றவன் அல்ல.