மூச்சளவு

விடிகாலை நாலு ஐம்பது. கால்வாய்க் கரையை ஒட்டிய சாலை. ஈ, காக்கை இல்லை. ஒரே ஒரு கார்... ஓட்டியவள் ஒரு பாடகி. கச்சேரி முடிந்து தனியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

கிட்ட வந்து உட்காருங்கள். இது என்னோடு வேலை பார்க்கும் தோழியின் அண்ணிக்கு நடந்தது. அண்ணி தையல்காரி. அந்தப் பாடகி அவளுடைய கூடப் பிறந்த தங்கை. வெளியே பெரிய பேர். வீட்டில் வெறும் சிட்டு.

விடிந்ததும் கார் கிடைத்தது. மூக்கு தண்ணீருக்குள். கதவு திறந்தபடி. ஆளைக் காணோம். இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் காலை, அண்ணி வீட்டு வாசலில்... டக். டக். சொட்டச் சொட்ட நனைந்து, செருப்பில்லாமல், சிட்டு. பக்கத்தில் போனால் சேற்று வாடை.

"அம்மா முழிச்சிருக்காங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டாள். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவிடம் விபத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை. சிட்டு கட்டிலில் போய் உட்கார்ந்ததும் அந்த முகம் மலர்ந்தது. ஆறு வருஷமாக அள்ளிக் கொட்டிப் பார்த்துக்கொண்டவள் அண்ணி. அவளைப் பார்த்து அந்த முகம் ஒருநாளும் அப்படி மலர்ந்ததில்லை.

சிட்டு மறுபடி மேடையேறிய பிறகுதான் இணையத்தில் வதந்தி கிளம்பியது. பழைய படம், புதுப் படம். காது மடலைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'இது அவ இல்ல. அவ அன்னைக்கே செத்துட்டா. பாட்டுக் கம்பெனிக்காரங்க டூப்ப இறக்கிட்டாங்க.' மேடையில் இப்போதெல்லாம் பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்கிறாளே, வேறென்ன சாட்சி வேண்டும்? பொறுக்க முடியாமல் அண்ணி ஒருநாள் எழுதினாள்: 'நான் அவளோட அக்கா. அது என் தங்கச்சிதான்.' அடுத்த நொடியே பதில் வந்தது: 'அக்காவையும் மாத்திட்டாங்கடோய்!'

சிரித்துவிட்டாள். ஆனால் மனசுக்குள் ஓர் அரிப்பு. சிட்டுவின் அளவெல்லாம் எழுதிய பழைய நோட்டு அவளிடம் இருந்தது. ஒரு மதியம், புது உடைக்கு என்று சாக்குச் சொல்லி டேப்பை எடுத்தாள்.

தோள்... அதே பதினாலரை. கை... அதே. இடது தோள் கால் அங்குலம் இறக்கம், அதுவும் அதே. பிடரியில், சின்ன வயதில் அண்ணியே இஸ்திரிப் பெட்டியால் தெரியாமல் சுட்ட தழும்பு. அப்படியே இருந்தது. அண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது. தன் தங்கைதான். சந்தேகமே இல்லை.

கடைசியாக மார்பு. பாடுகிறவர்களுக்கு அதை இரண்டு தடவை எடுக்க வேண்டும். மூச்சை இழுத்து ஒன்று, விட்டு ஒன்று. நோட்டில் சிட்டுவுக்கு இரண்டு அங்குலம் வித்தியாசம்.

"மூச்ச இழு."

முப்பத்திநாலு.

"விடு."

முப்பத்திநாலு.

"நல்லா இழுடி..."

டேப் அசையவில்லை. அண்ணி அதைப் பிடித்தபடியே நின்றாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். சுவர்க் கடிகாரம் மட்டும் டிக்... டிக்... விரலுக்கு அடியில் விலா எலும்பு சில்லென்று இருந்தது.

சிட்டு திரும்பாமலே பேசினாள்.

"தெரிஞ்சு போச்சாக்கா?"

அண்ணியின் கையிலிருந்து டேப் நழுவியது.

"செத்தது நிஜந்தான். வேற ஆளு வந்ததுதான் பொய். நான்தான்க்கா வந்தேன்... அம்மா தேடுவாங்களேன்னு." அம்மா இருந்த அறைப் பக்கம் பார்த்தாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லிடாத. நாங்க செத்தது தெரியாதவங்களுக்காகத்தான் எங்களால இருக்க முடியும்."

அண்ணி யாரிடமும் மூச்சு விடவில்லை. பதினோரு மாதம். தினமும் அவளுக்கும் ஒரு தட்டு வைத்தாள். தினமும் அதைத் தானே எடுத்துக் கொட்டினாள். பக்கத்து அறையில் சிட்டு அம்மாவுக்குத் தலை வாரிவிடுவதைக் கதவோரம் நின்று பார்ப்பாள். உள்ளே மட்டும் போகமாட்டாள்.

அம்மா ஒரு மதியம் போய்விட்டாள். தூக்கத்தில். சிட்டுவின் கையைப் பிடித்தபடியே.

எல்லாம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, சிட்டு வாசலுக்கு வந்தாள். அண்ணி ஓடிப்போய் மறித்தாள்.

"அம்மா போயிட்டா என்ன? எனக்காக இரேன்டி! நான் உனக்கு யாருமே இல்லையா?"

சிட்டு அவள் கன்னத்தைத் தொட்டாள். ஈரக் கை.

"உனக்குத் தெரிஞ்சு போச்சேக்கா..."

படியிறங்கினாள். காலடிச் சத்தமே இல்லை. தெருமுனையில் திரும்பினாள். அதன் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. டூப்பு ஓடிவிட்டாள் என்று இணையத்தில் இன்னும் சிரிக்கிறார்கள். அளந்தே இருக்கக்கூடாது, அளந்தே இருக்கக்கூடாது என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதது, என் தோழிக்கு மட்டும்தான் தெரியும்.

போன மாதம் தோழி அவளைப் பார்க்கப் போயிருந்தாள். அண்ணி மறுபடியும் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பேச்சுக்கு நடுவே, தலை நிமிராமல் சொன்னாளாம்:

"நேத்து ஒருத்தி சட்டைக்கு அளவு குடுக்க வந்தா. பக்கத்துத் தெருதான். டேப்பச் சுத்திப் பிடிச்சேன்... அசையல."

"ஐயோ! என்ன அண்ணி பண்ணீங்க?"

"இடுப்புல கைக்குழந்த. அது அவ மூஞ்சியவே பாத்துச் சிரிச்சிட்டிருந்துச்சு..." அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அளவ எழுதிக்கிட்டு, வெள்ளிக்கிழமை வாம்மான்னு அனுப்பிட்டேன்."