மாடிப்படி நெரிசல்

சாலைகளின் சலனமறிந்த சான்றோரே! சராசரியின் சமாதானத்துக்கு மயங்காத மதியே! பயண நேரக் கணிப்புப் பிரிவின் தலைமைப் பொறுப்பை இன்று மாலையோடு இறக்கிவைக்கும் எங்கள் அன்புக்குரிய ‘மோசமான நாள் மேடம்’ அவர்களே! வணக்கம்.

இந்தப் பட்டப்பெயரை இதுவரை தங்கள் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிவந்தோம். அது தங்களுக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும். இந்தச் சாலைக்கு இத்தனை நிமிடம் என்று நாங்கள் மார்தட்டி வந்து நின்றால், “சரிப்பா, மோசமான நாள்ல எவ்வளவு ஆகும்?” என்ற ஒரே கேள்வியில் எங்களை உட்காரவைத்துவிடுவீர்கள்.

ஆம்புலன்ஸ்களுக்கு வழி வகுத்த வேளை மறக்குமா! பாலத்து வழியே சராசரியில் சீக்கிரம் என்று நாங்கள் ஒற்றைக் காலில் நின்றோம். பாலம் பல நாள் பறக்கவிடும், சில நாள் பாதியில் காலை வாரிவிடும். சுற்றுவழி சற்றே நீளம், ஆனால் சொன்ன சொல் தவறாது என்றீர்கள் தாங்கள். “சராசரியா போற நோயாளி யாருப்பா? ஒவ்வொருத்தரும் அன்னைக்கு ஒரு தடவைதானே போறாங்க!” மேலிடம் முகம் சுளித்தும் தாங்கள் அசையவில்லை. பின்னர் பாலத்தில் லாரி கவிழ்ந்து ஊரே உறைந்த ஒரு மதியம், பிரசவ வலியில் துடித்த நம் தட்டச்சரின் மகளைச் சுற்றுவழிதான் சொன்ன நேரத்துக்கு மருத்துவமனை சேர்த்தது. அந்தப் பெண் தன் குழந்தையோடு இதோ மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறாள்.

ஊரையெல்லாம் உரிய நேரத்தில் வீடு சேர்த்த தங்களால், “ஆறு மணிக்கு வந்துடுவேன்” என்று கணவரிடம் கொடுத்த வாக்கை மட்டும் காப்பாற்ற முடிந்ததே இல்லை. விடுவோமா? அலுவலக வாசலிலிருந்து தங்கள் வீட்டுவரை சாலையை அலசி ஆராய்ந்தோம். ஒருநாளும் சதி செய்யாத உத்தமச் சாலை அது! விழி பிதுங்கி நின்ற எங்களைப் பார்த்து, தங்களை அழைத்துப்போக வந்த ஐயா சிரித்தார்: “ரோடு நல்லாத்தான் இருக்கு. அவ கிளம்பினதும் மாடிப்படியில ஆளுக்கொரு சந்தேகத்தோட வழிமறிக்கிறீங்களே, அங்கதான் ட்ராஃபிக்!” நாற்காலியிலிருந்து வாசல்வரை உள்ள தூரத்தை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தங்களை அனுப்ப மனமில்லை. சந்தேகங்கள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன, கிடக்கட்டும். ஐயா வாசலில் வண்டியோடு காத்திருக்கிறார். உடல் நலத்தோடும் ஓயாச் சிரிப்போடும் இருவரும் நெடுநாள் வாழ்க! தங்களின் மோசமான நாளும் பிறரின் நல்ல நாளைவிட நன்றாக இருக்கட்டும்! இம்மடலைக் கையில் வாங்கியதும் கிளம்புங்கள், மேடம். மாடிப்படியில் இன்று யாரும் நிற்கமாட்டோம்.

இருந்த இடத்திலேயே அமர்ந்தபடி,
பயண நேரக் கணிப்புப் பிரிவினர்