ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை

— அதைத் தொடாதக்கா, பாவு இன்னும் இழுவையில இருக்கு. ஒரு இழை அறுந்தாலும் முடிச்சுப் போட்டே பொழுது போயிடும்.

— சரிடி அம்மா, தொடல. மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் உன் தறியையே கண்ணுல காட்டுற. அதுலயும் அதட்டல். இந்த ஊதா நல்லா எடுப்பா இருக்கு பாப்பா. எங்க புடிச்ச?

— நானே சாயம் போட்டது. ஒன்பது தடவை தப்பாப் போச்சு. பத்தாவதுதான் ஒத்து வந்துது.

— எதோட ஒத்து வந்துது?

— நோட்டுல இருந்ததோட. முதல்ல பாத்து வரையணும். அப்புறம் அந்தக் கலர்ல நூல அட்டையில சுத்திப் பாக்கணும். அதுக்கப்புறம்தான் தறி.

— நாளைக்கு உங்க காலேஜ் கண்காட்சிக்கு உங்க மாமாவும் வர்றாராம். மச்சினி நெய்ததைப் பாக்கப் போறேன்னு ஆபீஸ் பூரா சொல்லி வச்சிருக்காரு.

— வரட்டும்.

— என்னடி, மொட்டையா வரட்டும்ங்கிற? ஆமா, இது என்ன கணக்கு? சிவப்பு, ஊதா, பச்சை, மஞ்சள்... மறுபடி சிவப்பு. ஏதாவது பூவா?

— பூ இல்ல. ஒரு நாளைக்கு ஒரு விரக்கடை நெய்யுறேன். முதல் நாள் சிவப்பு. மறுநாள் ஊதா. ஆறு நாள் போனா ஓரத்துல பச்சை ஓடும். பத்தாம் நாள் மஞ்சள். அப்புறம் தோல் நிறம்.

— யார் தோல்?

— உன்னோடதுக்கா.

— சும்மா இரு.

— ஆரம்பத்துல மஞ்சள் எவ்வளவு அகலம் பாரு. போகப் போக மெலிசாகுது. இங்க மஞ்சளே வரல. ஆறுறதுக்குள்ள அடுத்தது விழுந்துடுச்சு. டிசைன் இங்க ஏன் தடுமாறுதுன்னு டீச்சர் கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்றது?

— கதவுல இடிச்சுக்கிட்டேன்னு அன்னிக்கே சொன்னேன்ல?

— நாலு தடவை கதவு. ரெண்டு தடவை பாத்ரூம்ல வழுக்கினது. ஒரு தடவை பஸ் கம்பி. எல்லாம் நோட்டுல தேதியோட இருக்கு.

— அடிப்பாவி! என் உடம்பையா தறியில ஏத்தி வச்சிருக்க? ஊரே வந்து வேடிக்கை பாக்கவா? கத்திரி எங்க? எடு இங்க!

— வெட்டு. நோட்டு பத்திரமா இருக்கு. மறுபடி நெய்வேன்.

— பேசுவடி, ஏன் பேசமாட்ட? நான் வாயத் தொறந்தா அன்னிக்கே உன் பெட்டியும் என் பெட்டியும் தெருவுல கிடக்கும். அம்மா இருக்கிறது ஒத்த ரூம், அதுல அண்ணன் குடும்பமும். எங்கேருந்து நீ காலேஜ் வருவ? இன்னும் நாலு மாசம், உன் படிப்பு முடியட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். என் மேல விழுறது என்னோட போகட்டும் பாப்பா. உன் மேல ஒரு தூசி விழல, அது போதும் எனக்கு.

— கத்திரியக் கீழ வையக்கா.

— இரு, இரு. கடைசியில இந்தச் சிவப்பு... இது எப்பப் பாத்தது?

— போன மாசம்.

— பொய். போன மாசம் அம்மாவுக்குத் துணையா ஆஸ்பத்திரியிலதானே கிடந்தேன்? முழுசா இருபத்திரெண்டு நாள். என் மேல ஒரு கீறல் கிடையாது. இல்லாததை எதுக்கு நெய்த?

— இருந்துதுக்கா.

— யார் மேலடி இருந்துது?

— நீதான் ஆஸ்பத்திரியில இருந்தியே. வீட்டுல மாமாவும் நானும்தான் இருந்தோம்.