மலையப் பாத்து வாங்கின சத்தியம்

படிக்கவே தெரியலையாம்ண்ணா! எம் பொண்ணுக்கு! ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் சொல்றாங்க... வர்ற வருசமும் அதே கிளாஸ்ல குந்த வெக்கணுமாம். அட, நீங்க உக்காருங்கண்ணா. பாதி கிரிவலம் முடிச்சிட்டீங்க, மலை எங்க ஓடிடப்போவுது? டீ கொதிக்குது. அதுக்குள்ள அந்தப் பன்னப் பிரிச்சி சாப்புடுங்க.

அதோ, ஊதுபத்தி டப்பாகிட்ட குந்திக்கினு இருக்கா பாருங்க, அவதான் அருணாதேவி. இவளுக்கா படிக்கத் தெரியல? நாலு வயசுல பஸ்ஸு தூரத்துல வர்றப்பவே 'வேங்கிக்கால்'னு போர்டப் படிச்சவண்ணா இவ! நான் அஞ்சாவதுதான். கடையில சரக்கு அடுக்கறப்ப சோப்பு கவரு, தீப்பெட்டி, ஊறுகா பாக்கெட்டு... எல்லாத்துலயும் வெரல வெச்சி வெச்சி நான்தான் சொல்லிக்குடுத்தேன். அப்பறம் இன்னா... வாய் நிக்கல. செவுத்துல இருந்தா படிப்பா, கல்யாணப் பத்திரிகையப் படிப்பா. எங்க வூட்டுக்காரரு சட்டப் பையில ஒளிச்சி வெச்ச லாட்டரி சீட்டப் படிச்சா, அதுல ஒரு வாரம் சண்ட... அத்த வுடுங்க.

போன பௌர்ணமிக்கு கூட்டம்னா கூட்டம், அப்பிடி ஒரு கூட்டம்! ஒரு குடும்பமே வந்து பத்து பன்னு கேக்குது. இவ குறுக்க பூந்து, 'இருபத்தொன்றாம் தேதிக்குள் சாப்பிடவும்'னு படிக்கறா. அதோட வுட்டாளா? 'அம்மா, இன்னிக்கி இருபத்தஞ்சும்மா'ங்கறா! பத்தும் திரும்பி வந்துடுச்சு. எனக்கு வந்துச்சே கோவம்... கற்பூரம் ஏத்தி, மலையப் பாத்து நிக்க வெச்சி, 'இனிமே எழுத்தப் பாத்து வாயத் தொறக்க மாட்டேன்'னு சத்தியம் வாங்கிட்டேன். அன்னிலேர்ந்து வியாபாரத்துக்கு தொந்தரவு இல்ல.

இந்த டீச்சருதான்... இன்னா சொல்றாங்க தெரியுமா? புக்கக் குடுத்தா ஜன்னல் வழியா மலையப் பாக்குதாம். பாத்துட்டு வாய மூடிக்குதாம். மலைல இன்னா வேடிக்க இருக்குது? மலைய...

ஐயய்யோ.

அண்ணா, அந்தக் கற்பூர டப்பாவ இப்பிடித் தள்ளுங்க. வாடி இங்க. கடையில மட்டும் படிக்காதன்னு சொல்லியிருக்கணும்... ச்சே, அதுவுந்தான் தப்பு. மலையப் பாரு. 'அண்ணாமலையாரே, அது எங்கம்மா பண்ண தப்பு, சத்தியத்தத் திருப்பி எடுத்துக்கோ'ன்னு சொல்லு. நல்லா கையெடுத்துக் கும்புடு. ஏண்டி கண்ணு, ஒரு மாசமா டீச்சருகிட்ட அடி வாங்கினாலும் வாங்கினே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பாவி நானு.

சரி, அழுவாத. இப்பப் படி. எதனா படி. அண்ணன் கையில பன்னு கவரு இருக்குதே, அதப் படி. சத்தமா!

'இருபதாம் தேதிக்குள் சாப்பிடவும்.' ஆங்! ஒரு எழுத்து தப்பு இல்லண்ணா! யாருக்குப் படிக்கத் தெரியலன்னாங்க... இன்னாடி? இன்னிக்கி இருபத்தி நாலா?

அண்ணா... ஏன்ணா எழுந்துட்டீங்க? டீ ரெடிண்ணா! அண்ணோவ்! பன்னு போனாப் போவுது, எம் பொண்ணு எப்பிடிப் படிச்சா, அத ஒரு வார்த்த சொல்லிட்டாவது போங்கண்ணா!