அந்த வெள்ளைக் குதிரையைப் பத்தி

ஹலோ... அம்மாவா பேசறது? நான் மியூசியத்துலேருந்து... ஆமா ஆமா, உங்க வீட்டுக்கு வந்து அந்தப் பீங்கான் செஸ் காயெல்லாம் வாங்கிட்டுப் போனேனே, அவன்தான். கண்ணாடிப் பெட்டி தொடைக்கிறவன்... நல்லா இருக்கேம்மா. உங்களுக்கு முட்டி வலி... ம்... ம்...

அம்மா, கொஞ்சம் உக்காந்துக்கிறீங்களா? ஒரு விஷயம் சொல்லணும்...

இல்லம்மா, பெட்டியை எடுக்கல. ஜன்னல் பக்கத்துலேயேதான் இருக்கு... நிறையப் பேர் நின்னு பாக்குறாங்கம்மா. பதினாறு சிப்பாய்க்கும் பதினாறு மொகம்னு கண்டுபிடிச்சு ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிறாங்க. உங்க மகன் ஒரு சிப்பாய்க்கு 'தூங்குமூஞ்சி'ன்னு பேர் வெச்சிருந்தாரே, அதைப் பாத்துச் சிரிக்காதவங்க இல்ல...

அம்மா, ஒரு காய் உடைஞ்சுபோச்சு.

...

குதிரை. வெள்ளைக் குதிரை...

லைன்ல இருக்கீங்களா?... ஆமா. ராணி இருக்கிற பக்கத்துக் குதிரைதான்... தெரியும்மா. ஆஸ்பத்திரியில உங்க மகன் கடைசி வரைக்கும் கையிலேயே வெச்சிருந்தார்னு நீங்க சொன்னீங்க. தெரியும்மா...

நான்தாம்மா உடைச்சேன். செவ்வாக்கிழமை காலையில. நூல் கையுறையோட தூக்கினேன், வழுக்கிடுச்சு. கழுத்தோட ரெண்டாப் போச்சு. ஒரு காதும்... இல்லம்மா, குப்பையில போடல. ஒரு பொடி விடாமப் பொறுக்கி வெச்சிருக்கேன்...

அதை ஒட்டிடலாம்னுதான் சொல்றாங்க. ஆனா உள்ளே பாத்தேம்மா. உள்ளே வெறும் கூடு. ஈர மண்ணை அச்சுல வெச்சு அமுக்கினவங்க விரல் ரேகை அப்படியே இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல யார் கண்ணுலயும் படாத இடம்... சின்ன விரல்மா. ஒரு பொம்பளையா இருக்கும். வெளியில பிடரி மயிரை இழை இழையாக் கீறினவங்க, உள்ளே யாரு பாக்கப்போறான்னு விட்டுட்டாங்கபோல...

அழாதீங்கம்மா... இல்ல, அழுங்க. நான் லைன்லதான் இருக்கேன்.

...

அம்மா, உங்களுக்கு ஒரு லெட்டர் வரும். எங்க பெரிய ஆபீசர் அனுப்பினது. நீங்க கொடுக்கும்போதே குதிரையில விரிசல் இருந்துச்சுன்னு எழுதியிருக்கும்... ஆமா, உங்க வீட்டுலயே. அது பொய்ம்மா. அது கைக்கு வர்றதுக்கு முன்னாடி சொல்லிடணும்னுதான்...

சாட்சின்னு கீழே என் கையெழுத்தும் இருக்கும்... ஆமா, போட்டேன். போட்டுட்டேம்மா. இன்னிக்குப் போயி, நான்தான் தவறவிட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். ஆனா லெட்டர் நேத்தே போயிடுச்சு...

வேலையா? தெரியலம்மா. இருந்தா இருக்கு, போனாப் போகுது...

என்னம்மா? மெதுவாச் சொல்லுங்க... நீங்களா? எப்போ?... அவர் போனப்புறம் ஆஸ்பத்திரியிலேருந்து தனியா வீட்டுக்கு வந்த அன்னிக்கா... கதவுகிட்ட... ம்... குதிரை கீழே விழுந்துடுச்சா... ம்...

அன்னிலேருந்து இதையே நினைச்சுக்கிட்டிருக்கீங்களா? அவர் வெச்சிருந்ததைக்கூடக் காப்பாத்தத் தெரியலன்னு...

இல்லம்மா. கேளுங்க. பழைய விரிசல்னா உள்ளே அழுக்கு ஏறிப் பழுப்பாக் கோடு விழுந்திருக்கும். நான் விளக்குக்குக் கீழே வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். உடைஞ்ச இடம் முழுக்கப் பால் மாதிரி வெள்ளையா இருக்கு... எனக்காகச் சொல்றீங்கன்னா வேணாம்மா. நிஜமாவே விழுந்திருந்தாலும் சொல்றேன், உங்க கையில இருந்தவரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகல...

ஒண்ணுமே ஆகலம்மா.

...

ம்... ம்... சரிம்மா... நீங்க வைங்க.