நான் தூக்கக்கூடிய எடை

எங்கள் ஊரில் காப்பியோடு ஒரு பிஸ்கட் கொடுப்போம், உடனே டப்பாவை மூடிவிடுவோம். விருந்தாளிக்கும் அப்படித்தான், கட்டிய புருஷனுக்கும் அப்படித்தான். அதனால் என் வீட்டுக்காரர் வீபேயின் தட்டு சிறுத்துக்கொண்டே போனதை அக்கம்பக்கத்தார் ஏன் கவனிக்கவில்லை என்று அவர்களைப் போய்க் கேட்காதீர்கள், பாவம்.

வீபே முப்பது வருஷம் படகுகளுக்கு வழிவிடக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கியவர். பார்க்கின்சன் வந்ததும் முதலில் கை நடுங்கியது, பிறகு கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. வாசற்படியில் நின்றால் நின்றதுதான், அடுத்த அடி வராது. போன செப்டம்பரில் குளியலறையில் விழுந்துவிட்டார். அறுபத்திரண்டு கிலோ. என்னால் அசைக்கக்கூட முடியவில்லை. மதியம்வரை ஈரத்தரையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் வீட்டுக்கு வரும் நர்ஸ் மார்லூஸ் பக்குவமாகத்தான் சொன்னாள்.

"தனியா தூக்க முடியலேன்னா இனிமே பராமரிப்பு இல்லம்தான், ஹில்ட்யே. ஏரியைப் பார்த்தாப்ல ஒரு ரூம் காலியா இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

நாற்பத்தொரு வருஷம் அவரோடு ஒரே கட்டிலில் படுத்தவள் நான். இன்னொருத்தி அவருக்குச் சோப்புப் போடுவதா? ஐம்பது கிலோ என்றால் என்னால் தூக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான் நான் யோசித்தது.

பட்டினி போட்டதாக என் வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். மாத்திரை போட்டு அரைமணி கழித்துத்தான் சாப்பாடு, இறைச்சியும் பாலும் மருந்தை மட்டுப்படுத்தும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அந்த அரைமணியைக் கொஞ்சம் நீட்டினேன். இறைச்சியையும் பாலையும் நிறுத்தினேன். கரண்டி வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்திவிடும், ஒரு கிண்ணம் சூப் குடிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஆறிப்போனதை யார் குடிப்பார்கள் என்று எடுத்துவிடுவேன்.

மாதம் ஒருமுறை மார்லூஸ் அவரை எடை பார்ப்பாள். நான் திரைச்சீலைக் கடையில் தைத்தவள். திரை காற்றில் பறக்காமல் தொங்குவதற்கு அடிமடிப்பில் ஈயக் கயிறு கோப்போம், அது வீட்டில் சுருள் சுருளாகக் கிடந்தது. அவருடைய கம்பளிச் சட்டைக்குள் துணி கொடுத்து அதை வைத்துத் தைத்தேன். முதல் மாதம் ஒரு கிலோ. வசந்தம் வந்தபோது எட்டு. தையல் வெளியே தெரியாது, அதில் நான் கைதேர்ந்தவள்.

"சட்டை ஏன் இப்படிக் கனக்குது, ஹில்?" என்று கேட்டார்.

"சட்டை அதேதான். உனக்குத்தான் தெம்பு குறைஞ்சிடுச்சு."

நம்பிவிட்டார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக் கண் கலங்கினார். கலங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது மனசு என்னவோ செய்கிறது.

"ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கே வீபே, உங்க நடுக்கமே பாதிச் சாப்பாட்டைத் தின்னுடுது போல," என்று மார்லூஸ் கேலி செய்வாள். பிறகு படிவத்தைப் பார்த்துக் கேட்பாள்: "மூணு மாசமா சாப்பாடு குறைஞ்சிருக்கா?"

அவர் குரல் போன கோடையிலேயே மூச்சளவுக்குத் தேய்ந்துவிட்டிருந்தது. காதை உதட்டில் வைத்தால்தான் கேட்கும், அந்தக் காது என்னுடையது.

"பசிக்குது," என்றார்.

"என்ன சொல்றார்?" என்றாள் மார்லூஸ்.

"வயிறு நிறைஞ்சிருக்காம்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த நோயில் முகத்தில் எதுவும் தெரியாது, அதனால் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது.

ஏப்ரலில் ஒரு காலை அவரை நெஞ்சோடு அணைத்து எழுப்பினேன், சுலபமாக வந்துவிட்டார். ஜன்னல்வரை கொண்டுபோனேன். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மூன்று வாரத்தில் நெஞ்சில் சளி கட்டியது, அதை இருமித் துப்பக்கூட உடம்பில் சக்தி இல்லை. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றி எடை பார்த்தார்கள், நாற்பத்து நான்கு. எங்களோடு வந்திருந்த மார்லூஸ் சட்டையை மடிக்கப் போனவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மடிப்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அழுதாள். இரண்டு நாளில் அவர் போய்விட்டார்.

இப்போதும் வாசற்படியில் செருப்பு உரசும் சத்தம் கேட்கிறது. அடி வராமல் நிற்கிறார் என்று தூக்கப் போகிறேன், கையில் ஒன்றும் வருவதில்லை.

வீட்டிலேயே இருக்க அவர் ஆசைப்பட்டாரா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். நானும் ஆமாம் ஆமாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த அறையைப் பற்றி மார்லூஸ் சொன்ன அன்று அவர் என் காதில், "போய்த்தான் பார்ப்போமே, ஹில். அங்கேயிருந்து படகெல்லாம் தெரியுமே," என்றார்.

நான் மார்லூஸிடம் திரும்பி, "வரமாட்டேங்கிறார்," என்றேன்.